நாலரை இஞ்சு சுவரில் நாற்பத்திரண்டு கிலோ அப்பா

கொரட்டூரில் எத்திராஜ் மாட்டிய எதுவும் இதுவரை கீழே விழுந்ததில்லை. டிவி, கீசர், ஊஞ்சல், பல் டாக்டர் ஒருத்தருக்கு இரண்டு ஆள் உயரக் கண்ணாடி. பூகம்பம் வந்து ஊரே சரிந்தாலும் தான் மாட்டிய கீசர் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வெந்நீர் கொடுக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கம்பெனியை மூடியதும் டிரில்லிங் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபிளாட் ஃபிளாட்டாக ஏற ஆரம்பித்தார்.

முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். டாக்டர் நெஞ்சில் வைப்பதுபோல் காதை வைப்பார். கொக்கி மாட்டியதும் தன் எண்பத்து நாலு கிலோ உடம்பை வௌவால் மாதிரி அதில் தொங்கவிட்டு, வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுவார்.

"போட்டோ எட்துக்கம்மா. நான் வுழுந்துட்டா என் பொண்டாட்டிக்கு அனுப்பு. ரொம்ப நாளா காத்துகினு கீறா."

அந்த வாயால்தான் ஊரில் பாதிப் பேர் அவருக்குச் சிநேகிதம். மீதிப் பாதிப் பேர் பேசுவதில்லை. பேசாதவர்களில் முதல் ஆள் கூடப்பிறந்த தம்பி அழகேசன்.

அப்பா பொன்னுரங்கத்தின் முதல் வருஷத் தெவசத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அதற்குள் அப்பாவின் மார்பளவு சிலையைக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது எத்திராஜின் வைராக்கியம். திருமழிசையில் சிலை செய்யும் ஆள் அதுவரை தலைவர்களை மட்டுமே செய்து பழகியவர். அதனால் பொன்னுரங்கமும் மோவாயைத் தூக்கிக்கொண்டு, பத்தாயிரம் பேருக்கு நடுவே மைக்கைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வந்து இறங்கினார்.

"இன்னாங்க இது, மாமாவா, எம்.எல்.ஏ.வா?" என்றாள் மனைவி ராஜகுமாரி.

"உயிரோட கீறப்போ ஒரு வார்டு மெம்பர் கூட ஆவல. இப்பவாவது ஆவட்டும் வுடு."

உள்ளே கம்பி, வெளியே சிமெண்டு, மேலே தங்கப் பெயிண்டு. எடை நாற்பத்திரண்டு கிலோ. கடைசிக் காலத்தில் பொன்னுரங்கமே அவ்வளவு எடை இல்லை.

"மேஜ மேல வெச்சிடேன்" என்றாள் ராஜகுமாரி.

"மேஜ மேல வெக்க இது இன்னா மிக்ஸியா? செத்தவங்க தெக்கு சொவுத்துலதான் இருக்கணும்."

அங்கேதான் சிக்கல். அந்த வீட்டின் பழைய தெற்குச் சுவர் ஒன்பது இஞ்சு, யானையைக் கட்டலாம். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது அது அழகேசன் பக்கம் போய்விட்டது. எத்திராஜ் பக்கம் தெற்கு என்று இருப்பது, கூடத்தை நடுவில் அறுத்து எழுப்பிய நாலரை இஞ்சுச் சுவர்தான்.

சுவர் எழும்பியபோது பொன்னுரங்கம் உயிரோடு இருந்தார். படுத்த படுக்கை. அவரையும் பாகம் பிரித்தார்கள்: ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே. பேச்சுவார்த்தை இல்லாததால் முறை மாறும் நாளில் ஒரு வீட்டுக்காரர்கள் கட்டிலோடு தூக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள். காலி கேஸ் சிலிண்டருக்குக்கூட யாராவது பக்கத்தில் நிற்பார்கள். பொன்னுரங்கம் வானத்தைப் பார்த்தபடி தனியாகக் கிடப்பார். ஒரு நாள் தூறலில் கால்மணி நேரம் கிடந்தார். அந்தக் கால்மணி நேரத்தை எத்திராஜ் யாரிடமும் ஜோக்காகச் சொன்னதில்லை.

நாலரை இஞ்சுச் சுவரில் ஆணியோ ஆங்கரோ நாற்பத்திரண்டு கிலோவைத் தாங்காது. நாலு நீள போல்ட்டைச் சுவரை ஊடுருவி விட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். அந்தப் பக்கம் என்பது அழகேசனின் கூடம்.

பதினோரு அடி தூரம். நடந்து போக ஆறு வருஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த அழகேசன் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா?"

"அப்பாவ மாட்டணும். போல்ட்டு உன் பக்கம் வரும். தகடு வெச்சி நட்டு போட்டாத்தான் நிக்கும்."

"ஓகோ. மூஞ்சி உனுக்கு, நட்டு எனுக்கா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி சுரேகாவின் குரல் வந்தது. "உடுங்க. நட்டு நம்ம கையில இருக்கறது நல்லதுதான்."

எத்திராஜின் மனசுக்குள் அப்பா ஒரு தடவை கழன்று விழுந்தார். அழகேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"சரி, போய் ஓட்ட போடு. நட்ட நானே முடுக்குறேன். அவரு எனுக்கும் அப்பன்தான்."

எத்திராஜ் கோடு போட்டு, மட்டம் பார்த்து, மிஷினைப் பிடித்தார். முதல் ஓட்டை அந்தப் பக்கம் போய் வெளிச்சம் தெரிந்தது. இரண்டாவது பாதியில் இருக்கும்போது சுவரில் தொங்கிய காலண்டர் தானாக ஆடியது. மூலையில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது.

"அண்ணா! நிறுத்துணா! சொவுரு ஆடுது!"

ஆறு வருஷத்தில் முதல் அண்ணா. மிஷின் நின்றது.

எத்திராஜ் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். தட்டிப் பார்க்கத் தேவையில்லை, அவருக்குத் தெரியும். அதைக் கட்டியதே அவர்தான். அன்றைக்கு இருந்த கோபத்தில் கொத்தனார் வரும்வரை பொறுக்க முடியவில்லை. சனி ஞாயிறு இரண்டே நாளில் மொசைக் தரைமேலேயே செங்கல் அடுக்கினார். அஸ்திவாரம் கிடையாது. பக்கச் சுவர்களைக் கொத்திப் பிணைக்கவில்லை. மேலே மிஞ்சிய சந்தில் பழைய பேப்பரைத் திணித்துப் பூசிவிட்டார். அடுத்தவர் வீட்டு ஆணிக்கெல்லாம் நாலு தடவை தொங்கிப் பார்க்கிற மனுஷன், பெற்ற அப்பனின் தலைமாட்டில் எழுப்பிய சுவரை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

ஓட்டையில் வெளிச்சம் மறைந்து அழகேசனின் கண் தெரிந்தது. பிறகு வாய்.

"இதுல மாட்டாதணா. கொயந்த சாஞ்சா கூட வுழுந்துடும்."

"தெரியுதுடா."

"இட்ச்சிடலாமா?"

"இட்ச்சி?"

"இட்ச்சிட்டு அப்டியே உட்டுடலாம். என் பக்கத்துல ஒம்போது இஞ்சி சொவுரு கீது. அதுல மாட்னா ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

ராஜகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எத்திராஜையே பார்த்தாள். "சரிடா" என்று சொன்னால் போதும். மூன்றே எழுத்து. ஆனால் அறுபது வருஷமாகக் கிண்டலுக்கே பழகிய வாய், அழுகை வருகிற மாதிரி இருந்தால் இன்னும் வேகமாக ஓடும்.

"இட்ச்சா தெனம் காலைல உன் பொண்டாட்டி மூஞ்சில முயிக்கணுமேடா. அதுக்கு எதுனா இன்சூரன்ஸ் கீதா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கொரட்டூர் முழுக்கச் சிரித்திருக்கும். ஓட்டையின் அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"நான் இன்னா உனுக்கு சோறு போடலியா, உங்கப்பனுக்கு மூத்திரம் அள்ளலியா?" சுரேகா கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"டேய் அழகு, சும்மாக்காச்சும் சொன்னேன்டா."

"நீ எப்பவும் சும்மாக்காச்சும்தான் சொல்லுவ" என்றான் அழகேசன். "அன்னிக்கு இந்தச் சொவுரையும் சும்மாக்காச்சும்தான் கட்ன."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஈரச் சிமெண்டு ஓட்டைக்குள் பிதுங்கி வந்தது. வெளிச்சம் அடைபட்டது.

தெவசத்தன்று பொன்னுரங்கம் கூடத்துத் தரையில், சுவரிலிருந்து நாலடி தள்ளி, ஒரு மணைமேல் இருந்தார். தூக்கிய மோவாயோடு எல்லாருடைய முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாங்காட்டிலிருந்து வந்த அத்தை பூங்காவனம், அண்ணனுக்குச் சந்தனம் வைக்க இரண்டு பேர் பிடித்துக்கொள்ளக் குனிய வேண்டியிருந்தது.

"இன்னாடா எத்தி, ஊர்ல கீறவன் ஊட்டு சொவுத்துலல்லாம் என்னென்னத்தையோ மாட்டுற. பெத்தவன தரையில குந்த வெச்சிகீறியே?"

வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"சொவுரு சரியில்ல அத்த."

"எவன்டா கட்னான் இந்தச் சொவுர?"

எத்திராஜ் இலை போடப் போனார்.