எத்தனை பிள்ளைங்க?

புயலடித்த மூன்றாம் நாள், வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அரிசி மூட்டைகளோடு போனோம். சாலை முழுக்கத் தென்னை மரங்கள் விழுந்து கிடந்தன. மெஷின் ரம்பத்தால் அவற்றை அறுத்து ஒரு மனிதர் எங்களுக்கு வழி உண்டாக்கினார். யாரும் கூப்பிடாமலே பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். புருவமெல்லாம் மரத்தூள்.

நாங்கள் தென்னங்கன்றைத்தான் பிள்ளை என்போம். அவரோ காய்த்து ஓய்ந்த மரத்தையும் பிள்ளை என்றே சொன்னார்.

ஒரு மண்சுவர் வீட்டு வாசலை மறித்து மரம் கிடந்தது. அருகில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணுதானே, போனாப் போவுது விடுங்க. வேற வச்சுக்கலாம்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "சுவரு விழுந்து பாப்பா போயிடுச்சுங்க. நேத்துதான் எடுத்தோம்."

அவர் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஒரு மரத்தை மட்டும் கோடாலியால் வெட்டினார். அந்த வாசலில் மெஷின் இரைய வேண்டாம் என்று நினைத்தாரோ, தனக்கே கொடுத்துக்கொண்ட தண்டனையோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

அவருடைய தோப்பிலும் ஒன்றுகூட நிற்கவில்லை என்று சாயங்காலம்தான் யாரோ சொன்னார்கள். ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி, அவர் பேச்சிலேயே கேட்டேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க போச்சு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மரம்னு சொல்லுங்க சார்," என்றார்.