சக்கர வீட்டுக் கக்கூஸ்

தனம் தண்ணீர் குடிக்க மாட்டாள். தாகம் இல்லாமல் இல்லை, குடித்தால் போகவேண்டுமே! செங்கம் ரோட்டில் அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த வாடகை அறைக்குக் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் ஏரிக்கரை, இருட்டிய பின் மறுபடி ஏரிக்கரை. நடுவில் பகல் முழுக்கத் தையல் மெஷினும் வறண்ட தொண்டையும்தான். ஆம்பளைகளுக்கு எந்த வேலியும் போதும். பொம்பளைக்கு இருட்ட வேண்டும் என்று விதித்த மகராசன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுத்தாள். ஆஸ்பத்திரியில், “தினம் ஒரு குடம் தண்ணி குடிம்மா” என்றார்கள். குடித்துவிட்டு எங்கே போவது என்பதை மருந்துச் சீட்டில் யாரும் எழுதவில்லை.

அவள் புருஷன் அப்பாதுரை வெல்டர். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்த பழைய வீட்டு வண்டியை அவன் பட்டறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, “நீயே வைத்துக்கொள்” என்று அப்பாதுரையிடம் சொல்லிவிட்டார். படுக்கை, அடுப்பு, ஒரு மூலையில் பீரோ அளவுக்கு அறை, அதற்குள் மூடி போட்ட பெட்டி. அது கக்கூஸ் என்று தெரிந்ததும் தனம் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். உள்பக்கம் தாழ்ப்பாளே இருந்தது!

மலைக்குத் தெற்கே வாங்கிப் போட்டிருந்த காலி மனைக்கு வண்டியை இழுத்துவந்து பழுது பார்க்க ஆரம்பித்தார்கள்.

“பெட்டி ரொம்பினா தூக்கிட்டுப் போய்க் கொட்டணுமாம்” என்றான் அப்பாதுரை.

“நானும் தூக்க மாட்டேன், நீங்களும் தூக்க வேணாம், இன்னொருத்தர் தலையிலயும் வைக்க வேணாம். தரையில ஓட்டை போட்டுக் கோப்பை வைங்க. வெளிய குழி தோண்டி சிமெண்டு உறை இறக்குங்க.”

“அடுப்பு எதிர்லயே இருக்குதே?”

“அடுப்பை வெளிய போட்டுக்கலாம். மழை வந்தா ஒரு வேளை பட்டினி கெடக்கலாம். அதை அடக்க முடியுமா?”

தண்ணீருக்கு டிரம்மைக் கூரைமேல் ஏற்றப் பார்த்தான். தகரம் முனகியது. பக்கத்தில் கல்தூண் நட்டு அதன்மேல் ஏற்றி ரப்பர் குழாய் இழுத்தான்.

குழி தோண்டக் கடப்பாரை எடுத்த அன்றைக்குத்தான் அவனுடைய மாமா சக்கரபாணி வந்து சேர்ந்தார். ஊரில் யார் வீடு கட்டினாலும் அழைக்காமலே போய் மூலை பார்க்கிறவர்.

“அடப்பாவி! ஈசானிய மூலையில கக்கூஸா? சாமி மூலைடா! அதுவும் மலையே சாமியா நிக்கிற இந்த ஊர்ல! குடும்பம் வெளங்குமா?”

அப்பாதுரையின் முகம் செத்துப்போனது. கடப்பாரையைக் கீழே போட்டான். நாளைக்கே அந்த அறையைப் பெயர்த்துவிட்டு அங்கே சாமி படம் மாட்டப்போவதாகச் சொன்னான். தனம் கடப்பாரையை எடுத்து வண்டிமேல் சாத்தி வைத்தாள். இத்தனை நாள் அடக்கியது போதாதென்று ஆயுசுக்கும் அடக்க வேண்டுமா? அவளுக்கு மாமா மேல் வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

சுருட்டு பற்ற வைத்துக்கொண்டு மாமா வண்டிச் சக்கரத்தின் மேல் காலைத் தூக்கி வைத்தார். தனம் அந்தக் காலையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மாமா, காலை எடுங்க. ஏங்க, வீட்டுக்குச் சக்கரம் இருக்குது. திருப்பி வைங்க!”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள். வீடு என்று பேர் வைத்ததும் அது வண்டி என்பதே மூவருக்கும் மறந்துபோயிருந்தது. பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு ஜோடி மாடு வந்தது. வண்டியைக் கால் வட்டம் திருப்பினார்கள். கக்கூஸ் வடமேற்கே வாயு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. மாமா யோசித்துப் பார்த்துவிட்டு, “இப்ப குத்தம் இல்ல” என்றார். கோப்பையைக்கூட, உட்காருகிறவர் மலைக்கு முகமும் முதுகும் காட்டாதபடி அவரே நின்று பதிக்க வைத்தார்.

அந்த வண்டியில் அவர்கள் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தார்கள். சித்திரையில் டிரம் தண்ணீர் கொதித்தது. மழை நாளில் அடுப்பு அணைந்தது. ‘கக்கூஸோடு படுக்கிறவள்’ என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தனம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குடிபோன அன்று நட்டநடுப் பகல். அப்பாதுரை பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தான். தனம் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கழுத்தெல்லாம் நனைந்தது.

“போதுமா?”

“இன்னொரு சொம்பு குடுங்க” என்றாள்.