அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டர்

போன வாரம் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்து ரொட்டி சானாய்க் கடையில்தான் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. லோரியை விட்டு இறங்கி வந்த அங்கிள்மார் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: "பாஸ், கறி பாஞ்சிர் லா!" ரொட்டி குழம்பு வெள்ளத்தில் முங்கியது. எனக்கு அப்பாவின் பிளாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவும் கண்டெய்னர் லோரிதான் ஓட்டினார். நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்து, ரொட்டியும் தே தாரிக் டீயும் சிகரெட்டுமாக, அரைத் தூக்கத்தில் ஓடிய உடம்பு. ஆனாலும் கோயில் தேரிழுக்க முதல் ஆள் அவர். அதனால் கோயில் மண்டபத்தில் ரத்ததான முகாம் வைத்தபோது, "எங்கப்பாதான் ஃபர்ஸ்ட்" என்று எங்கள் தாமான் வீடுகள் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

பிரஷர் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப ஏறியிருக்கு அண்ணே, இன்னிக்கு எடுக்க முடியாது. உப்பைக் குறைங்க, நல்லா தூங்குங்க. நாளைக்கே கிளினிக் போங்க."

வெளியே அப்பாவின் கூட்டாளிகள் மைலோ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸி, பிளாஸ்டர் மட்டும் ஒண்ணு ஒட்டி விடுங்களேன்."

மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒட்டிவிட்டார். பேசியது எதுவும் புரியாமல் பக்கத்தில் நின்ற நான், ஊசி எப்போது குத்தினார்கள் என்று யோசிக்கவில்லை. பிளாஸ்டர் இருக்கிறதே, போதாதா?

ரத்தம் கொடுத்த உடம்பாயிற்றே என்று அம்மா ஈரல் வறுவல், கருவாட்டுச் சம்பல் என்று சமைத்துக் குவித்தார். அப்பா கருவாட்டை ஓரமாகத் தள்ளினார். கருவாட்டைத் தள்ளுகிற ஆளா அவர்! அம்மா சட்டென்று கையைப் பிடித்துப் பிளாஸ்டரை உரித்தார்.

"ஊசி குத்துன தடத்தையே காணோம்?"

"பிரஷர் கொஞ்சம் ஏறிப்போச்சு லா..."

"எங்கப்பாவும் சாகுறவரைக்கும் 'கொஞ்சம்'னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு."



மறுநாளே கிளினிக். மாத்திரை வந்தது, சிகரெட் போனது, அம்மா கட்டிய சாப்பாடு லோரி ஏறியது. முதலாளியிடம் மல்லுக்கட்டி இரவு ட்ரிப்பை விட்டார் அப்பா. சாயங்காலம் என்னோடு திடலைச் சுற்றி நடந்தார். என்னோடு விளையாட அவருக்கு ஆசை வந்துவிட்டதாக நான் குதூகலித்தேன்.

அடுத்த முகாமில் மிஸ்ஸி, "வந்து படுங்க அண்ணே" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பிளாஸ்டரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. உடனே அழுதுவிட்டார். ஊசி குத்தியது அப்பாவுக்கு, அழுவது ஏன் அம்மா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.

வருகிற சனிக்கிழமை லோரி அங்கிள்மாருக்குப் பிரஷர் பார்க்க மெஷினோடு அந்த ரொட்டிக் கடைக்குப் போகிறேன். "நான் சொன்னாத்தான் அவனுங்க கைய நீட்டுவானுங்க" என்று அப்பாவும் கிளம்பிவிட்டார். பையில் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், பிளாஸ்டர் மட்டும் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.