வால் வளரும், பொறுங்க

மீன் விற்கிறவனுக்கு மீனைவிட வாலைப் பற்றித்தான் பேச்சு அதிகம். இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறேன். கடை வைத்து நொந்துபோனவர்களுக்குத் தெரியும், விற்றது திரும்பி வராத வாரமே கிடையாது.

சாப்பாட்டுப் பெட்டி

ஒரு டீச்சரம்மா. வாங்கிப்போன தங்கமீனின் வாலை அதோடு இருந்த மீன் கடித்துவிட்டதாம், சாப்பாட்டுப் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார். மீனுக்கு வால் திரும்ப வளரும், முதலில் கண்ணாடி மாதிரி ஒரு விளிம்பு வரும், அதற்குள் மெல்லிசாக எலும்புக் கம்பிகள் நீளும், நிறம் கடைசியில்தான் ஏறும், நம்ம ஊர்க் குளிருக்குக் கொஞ்சம் சுணங்கும் என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நீங்களே வளர்த்துட்டுக் குடுங்க அண்ணே."

கவ்வாத்து

அன்றைக்கு இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவர் முத்தையா அண்ணன். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை அவருக்கு. அவரும் ஒரு தங்கமீன் வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். வால் மட்டமாக, நேராக வெட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோலால் அவரேதான் வெட்டியிருக்கிறார்!

நல்லவேளை, சதையில் படவில்லை. பட்டிருந்தால் வளர்ந்திருக்காது. ஹீட்டர் போட்ட தொட்டியில் மீனை விட்டுவிட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தேயிலைய வெட்டிவிட்டா மூணா நாலா கெளைக்குமே மொதலாளி, இதுவும் விசிறியாட்டம் வரும்னு பாத்தேன்."

நடுக்கணு

அப்புறம் ஆளைக் காணோம். மூன்று மாதத்தில் வால் முழுசாக வந்து, நிறமும் ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடக்கையில் கட்டோடு வந்தார். கத்தி தவறி, ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு போய்விட்டதாம். இனிக் கத்தி கிடையாது, புல்லுவெட்டுத்தான் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். முப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனுஷன்.

தொட்டிக்கு முன்னால் குனிந்து வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் 'வளரும், பொறுங்க' என்று சொல்கிற நான், மீன் தீனி டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன். அவரே நிமிர்ந்து சொன்னார்.

"விடுங்க மொதலாளி, எங்க ரெண்டு பேத்துல ஒண்ணாச்சும் தேறிருச்சே."

அதற்கப்புறம் கடிபட்ட வாலோடு யார் வந்தாலும் நான் விளக்கம் சொல்வதில்லை, பேசாமல் மீனை வாங்கித் தொட்டியில் விட்டுவிடுகிறேன்.