கோயில் குழுவில் ஒரு பாட்டு

பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி போன் செயலிகளைச் செய்வதுதான் என் பிழைப்பு. பதுளைப் பக்கம் வீட்டில் இருந்துகொண்டே கொழும்புக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். கூட்டங்களில் இதைப் பற்றி வாய் கிழியப் பேசுவேன். பசறையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கும் போனில் ஒரு குழு உண்டு. அதில் அறிவித்தல்கள் எல்லாம் பூ பார்டர் போட்ட படங்களாகவே வரும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஓர் அக்கா. கண் தெரியாது. பாட ஆரம்பித்தால் லயமே கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். திருவிழா மேடையில் ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுத்தாக வருவதை அவருடைய போன் வாசித்துச் சொல்லும்; படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்காது. போன வருஷம் பாடுகிறவர்களிடம் பெயர் கேட்டு வந்த அறிவித்தலும் படம்தான்.

"என் போனு 'படம்'னு மட்டும் சொல்லிச்சு தம்பி. ஏதோ சாமி படமாக்கும்னு கும்பிட்டு விட்டுட்டேன்" என்று சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த வருஷம் கமிட்டிச் செயலாளரோடு சண்டை பிடித்தேன். எழுத்தில் தட்டப் பலர் சோம்பல்பட்டதால், இனி எல்லாரும் குரல்பதிவாகப் பேசியே அனுப்புவது என்று முடிவானது. பேசச் சொன்னால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? "எல்லாருக்கும் வணக்கமுங்க, சொகமா இருக்கீங்களா, அங்கிட்டு மழையா?" என்று தொடங்கி, பந்தல் கம்பு விஷயத்துக்கு வருவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும். அடுத்த லயத்துக்காரரும் பதிலுக்கு மழையை விசாரித்தார். இரண்டு லயத்துக்கும் ஒரே மழைதான்.

அப்போது தையல்கார அண்ணன் வீடு தேடி வந்தார். அவருக்குக் காது கேட்காது. நம் வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"படம் போட்டப்ப எனக்கு எல்லாம் தெரிஞ்சிச்சு. இப்ப என்னைய வெளிய தள்ளிட்டீங்களே" என்றார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அங்கேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குரலாகக் கேட்டு, எழுத்தாக்கிக் குழுவில் போடத் தொடங்கினேன். பந்தல், வாழைமரம், மழை, மறுபடியும் மழை. நடுவில் அக்காவின் குரல்: "நானும் பாடுறேங்க. என் பேரையும் சேத்துக்குங்க."

அத்தனை சுகவிசாரிப்புக்கு நடுவே அதை யாருமே கேட்டிருக்கவில்லை. பாடுகிறவர்கள் யார் யார் என்று கமிட்டி முடிவும் செய்துவிட்டது. நான் எழுதியதை அண்ணன் படித்தார். எனக்கு முந்திச் செருப்பை மாட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு நடந்தார்.

"இனிமே எடமில்லைங்க" என்று செயலாளர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அண்ணன் முகத்தைத் தேயிலை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்காதவருக்கு எப்படி மறுப்புச் சொல்வது? கடைசியில் செயலாளரே சிரித்துவிட்டார். அக்காவுக்கு இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து குழுவில் பேசுகிறவர் எழுதவும் வேண்டும், எழுதுகிறவர் பேசவும் வேண்டும். மழை விசாரிப்பு இப்போது எழுத்திலும் வருகிறது.

திருவிழாவில் அக்கா பாடி முடிக்கும்வரை அண்ணன் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். குழுவில் முதல் பாராட்டு அவருடையதுதான். மேடைக்குப் பின்னால் அக்காவின் போன் அதை வாசித்தது.

"தங்கச்சி, என் கை இன்னும் அதிருது."

அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.