மேல்வீட்டில் பேச்சுப் பயிற்சி

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் கீழ்வீட்டில் இருந்தோம். பேச்சுப் போட்டிக்காக மேல்வீட்டு அன்ரியிடம் பழகிவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பியபோது எனக்கு ஒன்பது வயது. சரியான கோபம் வந்தது. ‘தமிழின் இனிமை’ என்ற பேச்சு எனக்கு ஏற்கெனவே தலைகீழாய்ப் பாடம். அந்த அன்ரி யாருக்கும் எதையும் படிப்பித்து நான் கண்டதுமில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் அம்மாமார்தான் இந்த மேல்வீட்டு வகுப்பைத் தொடங்கியவர்கள். அன்ரியின் கணவரான அங்கிள் வேலையால் வந்ததும் அவரை அடிப்பார் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பொலிசுக்குச் சொல்லுவோம் என்றால் அன்ரி சம்மதிக்கமாட்டார். அவர் வந்தது அங்கிளின் விசாவில். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அங்கிளோ மானம் மரியாதை பார்க்கிற மனிதர், பிறத்தியார் பிள்ளைக்கு முன்னால் கை நீட்டமாட்டார் என்று அம்மாமார் கணக்குப் போட்டார்கள். இதெல்லாம் அம்மா பிற்காலத்தில் சொல்லித் தெரிந்தது. இன்று என் மகளை நான் அப்படி அனுப்பமாட்டேன்.

ஆகவே அங்கிள் வரும் நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை மேலே போய்ப் பேசும். வியாழன் என் முறை. அம்மாவின் கட்டளை ஒன்றுதான்.

“பெலத்துச் சொல்லு. கீழ எனக்குக் கேக்க வேணும். முடிஞ்சால் திருப்பித் தொடங்கு, நிப்பாட்டாதை.”

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அங்கிள் சோபாவில் இருந்து கை தட்டுவார். இவ்வளவு தமிழ்ப் பற்றுள்ளவர் எங்கள் தெருவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் குடித்துவிட்டு வந்தார். நேரே அன்ரி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போனார். ஏதோ கோப்பை உடைந்தது. நான் ‘அவையோரே’ என்று மறுபடி தொடங்கினேன்.

“வாயை மூடு!” என்று கத்தினார்.

அப்படி யாரும் என்னை உறுக்கியதில்லை. பயத்தில் நிறுத்திவிட்டேன்.

உடனே படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும்.

“கறிவேப்பிலை இருக்கோ எண்டு கேக்க வந்தனாங்கள்” என்றார் அம்மா, மூச்சிரைக்க. எங்கள் வீட்டில் கறிவேப்பிலை நிறைய இருந்தது.

அங்கிள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்கோ, இருங்கோ” என்றார். அம்மா இருக்கவில்லை. அன்ரியைப் பார்த்து, “எங்களோட வாறியளோ?” என்று கேட்டார்.

அன்ரி அங்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓம், வாறன்.”

செருப்புக்கூடப் போடாமல் இறங்கினார். படியில் நான் விம்மி விம்மி அழுதேன். “சொறி அன்ரி, இடையில நிப்பாட்டிப் போட்டன்.”

அவர் என் தலையைத் தடவினார். “நல்ல காலம் நிப்பாட்டினாய், குஞ்சு.”

மறுநாள் அம்மா அவரைப் பெண்கள் காப்பகத்துக்குக் கூட்டிப் போனார். போட்டியில், மைக் இருக்க ஏன் இந்தக் கத்தல் என்று நடுவர் கேட்டார். எனக்கு மூன்றாம் பரிசு. பாதியில் நிறுத்தியதை மெச்சுகிற ரீச்சரிடம் பழகினால் வேறென்ன கிடைக்கும் என்று நான் பல நாள் அன்ரியோடு கோபமாக இருந்தேன்.