குப்பைத்தொட்டியும் பக்கத்து வீட்டு ப்ரையனும்

செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் குப்பைத்தொட்டிகள் தாமாகவே வீடு திரும்பிவிடும். இங்கிலாந்தின் வடக்கே நான் படிக்க வந்திருக்கும் இந்தச் சிறுநகரத்தில் அவற்றுக்குச் சக்கரம் உண்டு. காலையில் நடைபாதையில் உருட்டி வைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஓடினால், மாலையில் எங்கள் வாசல் சுவரோடு ஒட்டிச் சமத்தாக நிற்கும். உருட்டி வைப்பவர் பக்கத்து வீட்டு ப்ரையன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒருநாள் அவரைப் பிடித்து நன்றி சொன்னேன். "இருக்கட்டும், எனக்கு வேறு என்ன வேலை?" என்றார். என்ன தங்கமான மனுஷன் என்று, அம்மா கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்தில் நான்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். கூடத் தங்கியிருக்கும் நைஜீரியத் தோழி கிரேஸிடம் இதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. "செல்வி, அது கிண்டல். அவர் உன்னைத் திட்டியிருக்கிறார்!" நம்மூரில் கோபம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இங்கே அது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அவள் சொன்னது சரி என்பது அடுத்த வாரமே தெரிந்தது. மாணவர் வீடுகளால் நிம்மதி போயிற்று என்று தெருக்காரர்கள் பல்கலைக்கழகத்துக்கு மனு கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து ப்ரையனுடையது. கூட்டம் ஒன்று நடக்கும், அதற்குப் பிறகும் புகார் வந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரர் அந்த மனுவின் நகலோடு எழுதியிருந்தார். கிரேஸுக்கு ஆத்திரம். என்னால் ஆத்திரப்பட முடியவில்லை. அப்படி ஒரு மனுவை நானே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் இருக்கிறது. நான் பிளஸ் டூ படித்தபோது எதிர்வீட்டு மாடிக்குக் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் குடிவந்தார்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூர்க்காரர்கள். பாட்டு, கைதட்டல், படியில் தடதடவென்று ஓட்டம். எனக்கோ பரீட்சை நேரம். "இவனுவகிட்ட போயி என்னத்தப் பேச? நீ ஒரு கடுதாசி எழுதுட்டி, தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போடுதோம்" என்றார் அப்பா. என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். மாடி வீட்டுக்காரருக்கு எழுதினேன். ஒரே வாரத்தில் மாடி காலி. போகிற அன்று ஷிஜு என்ற பையன் மட்டும் தெருவைத் தாண்டி அப்பாவிடம் வந்தான். "அண்ணாச்சி, ஒரு வார்த்த பறஞ்ஞா போதுமாயிருந்நல்லோ" என்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதுமே என்று அர்த்தம். குரலில் கோபமே இல்லை. அப்பா தலையைச் சொறிந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றுவரை எங்கள் தெருவில் ஒருவரும் அவர்களிடம் பேசியதே இல்லை.

அதனால் கூட்டத்துக்குக் காத்திராமல் ப்ரையன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கை வெறுங்கைதான். "நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை" என்றேன்.  அவர் கதவை அகலத் திறந்தார். முன்னறையில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி ஜீன் உட்கார்ந்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமை இவளுக்கு ஆஸ்பத்திரி. நடைபாதை முழுக்க உங்கள் தொட்டிகள். இந்த நாற்காலி எப்படிப் போகும்?" என்றார் ப்ரையன். இதைச் சொல்வதற்குள் அவர் காது சிவந்துவிட்டது.

ஜீன் குறுக்கிட்டார். "அந்த இனிப்பு நன்றாக இருந்தது. கொஞ்சம் பல்லுக்குக் கஷ்டம்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று மாலையே கிரேஸும் நானும் தெருவிலிருந்த மாணவர் வீடுகள் அத்தனைக்கும் போனோம். செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில்லாதவர்கள் முறை வைத்துக்கொண்டு, குப்பை வண்டி வந்து போனதும் தொட்டிகளை உள்ளே இழுப்பது என்று பேசி முடித்தோம். இரண்டு வீட்டில் முகத்தைத் திருப்பினார்கள். ஜீனைப் பற்றிச் சொன்ன பிறகு அவர்களும் வந்தார்கள். கூட்டத்தில் இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததைத் தப்பும் தவறுமாகப் படித்தேன். முடித்ததும் ப்ரையன் எழுந்து, "என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள். நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்" என்றார். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மூலைவீட்டு அம்மாள் இன்றும் எங்களைக் கண்டால் திரையை இழுத்து மூடுகிறார். ஆனால் வீடு எங்களுக்கு நிலைத்தது. ஜீனின் நாற்காலியைச் சில செவ்வாய்களில் நானே தள்ளிக்கொண்டு போகிறேன்.

இப்போது ஜூலை. இங்கே எதிர்வீட்டுக்குப் புது மாணவர்கள் வந்து இறங்கிய நேரத்தில் அப்பா போன் செய்தார். குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டதாம். "ஏட்டி, எவனோ நம்ம கேட்ட மறிச்சி வேன நிப்பாட்டிட்டு அருவிக்குப் போயிட்டாம்லா. வெளியூர்க்காரனுவளுக்கு நம்ம ஊரு பழக்கவழக்கம் என்னத்தத் தெரியுது?" என்று அவர் பொரிந்துகொண்டிருந்தபோதே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ப்ரையன் புது மாணவர்களின் பெட்டிகளை முகவாயால் காட்டி என்னிடம் முணுமுணுத்தார்: "வந்துவிட்டார்கள் பார், வெளியூர்க்காரர்கள்." நான் தலையை ஆட்டி "ம்" என்றேன். அது தனக்கென்று நினைத்த அப்பா காதில், "நீயே சொல்லு" என்று தொடர்ந்தார். ப்ரையனும் என் "ம்" தனக்கென்று எடுத்துக்கொண்டு திருப்தியாக உள்ளே போனார்.